சிக்குன்குனியா வலி மூன்றே மாதமா? சொன்னவர் யார்?

மேலூர் தையல்காரி
நேற்று எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் ஒருவர் போட்டதைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. "சிக்குன்குனியா மூட்டுவலி மூன்று மாதம்தான், அதற்கு மேல் வலிக்கிறது என்பவர்களுக்கு மனசுதான் வலிக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. எனக்கு 2006 ஆவணியில் வந்தது. காய்ச்சல் நாலு நாள், வலி போய்விட்டுப் போய்விட்டு வந்து இரண்டு வருஷம் நாலு மாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மடங்கினால் விரியாது. கேஸ் அடுப்பைத் திருக முடியாமல் மூன்றாம் வகுப்புப் படித்த மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறேன். கொக்கி வைக்க விரல் ஒத்துழைக்காமல் அந்த வருஷத் தீபாவளி ரவிக்கைத் துணிகளை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மூன்று மாதமாம். யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை
நான் சொல்கிறேன். அந்தக் குழுவில் நான் இல்லை, ஆனால் அவர் எழுதியது சரி. 2006இல் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் வந்தது. நாலு பேர் பத்து நாளில் எழுந்துவிட்டோம். என் தாயாருக்கு அப்போது 71 வயது, அவரே மூன்றாவது மாதம் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றார். பார்த்த டாக்டரும் மூன்று மாதம் என்றுதான் சொன்னார். இரண்டு வருஷம் வலித்தது என்றால் அது வேறு ஏதாவது வாதமாக இருக்கும். எல்லாப் பழியையும் ஒரு கொசுவின் மேல் போடக் கூடாது அம்மா.

மேலூர் தையல்காரி
உங்கள் தாயார் நின்றார், சந்தோஷம், நல்லா இருக்கட்டும். அதற்காக நான் நிற்காதது பொய்யாகுமா? முடக்குவாதமா என்று எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. இல்லை என்று வந்தது. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை டாக்டர்கள் நாள்பட்ட வலி என்று தனியாகப் பிரிக்கிறார்கள். மூன்று மாதம் என்பது அப்படிப் பிரிக்கப் போட்ட கோடு, வலி ஓய்ந்துபோகும் தேதி கிடையாது. ஆளே இல்லாத வியாதிக்கு எவனாவது பேர் வைப்பானா? கொஞ்சம் யோசியுங்கள் ஐயா.

கணக்குப்பிள்ளை
கோடு, தேதி என்று வார்த்தையில் விளையாடுகிறீர்கள். எங்கள் டாக்டர் மூன்று மாதம் என்றார். முப்பது வருஷ அனுபவம் அவருக்கு.

மேலூர் தையல்காரி
முப்பது வருஷ அனுபவமா? இந்தக் காய்ச்சல் 1964இல் மதராசிலும் வேலூரிலும் வந்தது, 1973இல் மகாராஷ்டிரத்துப் பர்சியில் வந்தது. அதோடு போனது 2005 கடைசியில்தான் நம் நாட்டில் மறுபடி பெரிதாகத் தலைகாட்டியது. 2006இல் அந்த டாக்டருக்கும் இது புதுசு, என் டாக்டருக்கும் புதுசு. இல்லாத அனுபவத்தில் என்ன மூன்று மாதம்?

சுக்குக் கஷாயம்
இரண்டு பேரும் தேவையில்லாமல் சண்டை போடுகிறீர்கள். நிலவேம்புக் குடிநீர் குடித்திருந்தால் மூன்று மாதம் என்ன, மூன்று வாரத்தில் ஓடியிருக்கும். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம், மொத்தம் ஒன்பது சரக்கு. நம் சித்தர்கள் கொடுத்ததை விட்டுவிட்டு வெள்ளை மாத்திரை பின்னால் ஓடினால் வலிக்கத்தான் செய்யும்.

மேலூர் தையல்காரி
குடித்தேன் தம்பி. நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள் விடவில்லை. நாக்கு முழுக்கக் கசப்பு, முட்டி வலி அப்படியே இருந்தது. நான் சித்த மருந்தைக் குறை சொல்லவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

சுக்குக் கஷாயம்
கடையில் வாங்கிய பொடியா? அதில் பாதி மரத்தூள். சொல்லுங்கள், எந்தக் கடை?

மேலூர் தையல்காரி
எந்தக் கடை என்பதா இப்போது பேச்சு? மூன்று மாதக் கதைதான் பேச்சு. அதை விட்டு ஓடாதீர்கள்.

மட்டுநகர் வாசி
நான் மட்டக்களப்பு. எங்கட பக்கம் 2006 கடைசியில வந்தது. அம்மா நாலு மாசமா நிலத்தில குந்த முடியாமல் கிணற்றடியில கதிரை போட்டுத்தான் குளிச்சவ. அதுக்குப் பிறகும் நல்லா இருந்த மாதிரி இருக்கும், ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்தால் பத்து நாள் படுக்கை. அந்தத் தையல்கார அக்கா சொல்லுறது உண்மை.

கணக்குப்பிள்ளை
நாலு மாதம். அதாவது மூன்றுக்குப் பக்கம். நான் சொன்னதற்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

மட்டுநகர் வாசி
நாலும் மூண்டும் ஒண்டோ உங்கட கணக்கில? அதுக்குப் பிறகு எண்டு எழுதினதை வாசிக்கேல்லையோ?

புதுசா வந்தவன்
மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. எனக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கணுக்காலும் மணிக்கட்டும் இன்னும் வீங்குகிறது. பைக் கிளட்ச் பிடிக்க முடியவில்லை. நல்லா இருக்கிற வாரத்தில் வேலைக்குப் போகிறேன், மறு வாரம் லீவு. மேனேஜர் நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார். இது எப்போது சரியாகும்?

கணக்குப்பிள்ளை
ஏழு மாதம் என்றால் வேறு ஏதோ இருக்கிறது தம்பி, நன்றாகப் பரிசோதனை செய்யுங்கள். அப்புறம் இன்னொன்று. இந்தக் காய்ச்சல் ஒரு தடவை வந்தால் பொதுவாக மறுபடி வராது. அப்படி இருக்க, போய்விட்டு வந்தது, போய்விட்டு வந்தது என்று இந்த அம்மா சொல்வது எப்படிப் பொருந்தும்?

மேலூர் தையல்காரி
முதலில் தம்பிக்கு. நீங்கள் நடிக்கவில்லை. இதை யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று நான் ஒரு வருஷம் ஏங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மூட்டு வாத டாக்டரைப் பாருங்கள், நீங்களாக வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். எனக்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை ஒன்று கொடுத்து, அடிக்கடி ரத்தம் பார்த்து, அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வீக்கம் வடிந்தது. பிசியோதெரபியில் வைத்த மெழுகு ஒத்தடமும் எனக்குக் கேட்டது. நல்லா இருக்கிற நாளில் பாக்கி வேலையை எல்லாம் சேர்த்து இழுத்துப் போடாதீர்கள். நான் அப்படி ஒரு நாள் நாலு போர்வை துவைத்தேன், பன்னிரண்டு நாள் தலை சீவ முடியவில்லை.

இப்போது ஐயாவுக்கு. காய்ச்சல் மறுபடி வந்தது என்று நான் எங்கே சொன்னேன்? வலி மறுபடி வந்தது என்றேன். கிருமி போன பிறகும் மூட்டில் அழற்சி தங்குகிறது. நெருப்பை அணைத்த பிறகு தோசைக்கல் சுடவில்லையா? சிக்குன்குனியா என்ற பெயருக்கே வளைந்து முடங்குவது என்றுதான் அர்த்தம். 1952இல் தான்சானியாப் பக்கம் நோய் வந்தபோது மகோண்டே மொழிக்காரர்கள் வைத்த பெயர் அது.

சுக்குக் கஷாயம்
கோழிக் காய்ச்சல் இல்லையா அப்போது? எங்கள் ஊரில் கோழி சாப்பிட்டதால்தான் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் கோழி எடுக்கவில்லை, யாருக்கும் வரவில்லை.

மட்டுநகர் வாசி
கோழிக்கும் இதுக்கும் என்ன? பகலில கடிக்கிற ஏடிஸ் நுளம்பு. டெங்குவைப் பரப்புற அதே நுளம்பு.

சுக்குக் கஷாயம்
நுளம்போ கொசுவோ, நான் பார்த்ததைச் சொன்னேன். ஒன்பது சரக்கு பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை
தோசைக்கல் உவமையெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. எந்தத் தோசைக்கல்லும் இரண்டு வருஷம் சுடாது. நம் நாட்டில் 2006இல் சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்ததாகச் சந்தேகித்தார்கள். அத்தனை பேருமா இரண்டு வருஷம் முடங்கினார்கள்? பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்தார்கள். மூன்று மாதம்.

மேலூர் தையல்காரி
அத்தனை பேரும் முடங்கினார்கள் என்று நான் சொன்னேனா? நிறையப் பேர் எழுந்துவிட்டார்கள், உண்மைதான். எழாதவர்களை யாராவது வீடு தேடி வந்து எண்ணினார்களா? என்னை எண்ணவில்லை. பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த பாட்டியை எண்ணவில்லை. மாவுக் கரண்டி பிடிக்க முடியாமல் கடையையே மூடினார். சோம்பேறி என்று மருமகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே செத்துப்போனார். உங்கள் மூன்று மாதம் என்ற வார்த்தை என்ன செய்யும் தெரியுமா? நாலாவது மாதத்தில் இருக்கிறவளை வீட்டில் ஒருத்தரும் நம்பாமல் செய்யும். எனக்கு அதுதான் நடந்தது. விரல் வலித்ததைக்கூட மறந்துவிட்டேன், அதை மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை
உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு நான் எப்படிப் பொறுப்பு? உணர்ச்சிவசப்பட்டுப் பேசினால் விவாதமாகாது. மூன்று மாதம் என்பதற்கு எதிராக ஒரு டாக்டரின் வார்த்தையைக் கொண்டு வாருங்கள்.

மேலூர் தையல்காரி
இரண்டு வருஷச் சீட்டுகளும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. கடைசிச் சீட்டு 2008 மார்கழியில் எழுதியது. நாளைக்கு எடுத்து, பெயரை மறைத்துப் படம் போடுகிறேன். தேதியை மட்டும் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை
போடுங்கள். அதில் சிக்குன்குனியா என்று எழுதியிருக்காது, பாருங்கள்.

புதுசா வந்தவன்
அக்கா, அந்த வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை போட்டு எத்தனை நாளில் உங்களுக்குக் கை மடங்கியது?