கிராணி மேல் புகார், கிராணியிடமே மனு

குழு: பெரிய வீடு, சுங்கை சிப்புட், மலேசியா

அம்மா (இரவு 8:41)
பாப்பா, நீ பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்துவிட்டதாகத் தங்கை சொல்கிறாள். உண்மையா? இன்னும் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. விசா வேறு. யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?

அக்கா (8:44)
உண்மைதான் அம்மா. நான் நடத்திக்கொண்டிருந்த டுடோரியல் வகுப்பை எடுத்துவிட்டார்கள். என் உச்சரிப்பு மாணவர்களுக்குப் புரியவில்லையாம். பேராசிரியர் மின்னஞ்சலில் அப்படியே எழுதியிருக்கிறார். இனி விடைத்தாள் திருத்துவது மட்டும்தான் என் வேலை. என்னோடு சேர்ந்த பிரெஞ்சுக்காரர் பேசுவது எனக்கே பாதி புரியாது. அவர் வகுப்பை யாரும் தொடவில்லை.

மாமா (8:46)
துணைவேந்தருக்கே நேராக எழுது! நம் எம்.பி.யிடம் நான் பேசுகிறேன்.

ஈப்போ அண்ணி (8:47)
சுங்கை சிப்புட் எம்.பி. அமெரிக்காவில் என்ன செய்வார் மாமா? கொஞ்சம் பொறுங்கள், அவள் சொல்லட்டும்.

பெரியப்பா (8:52)
தோட்டத்தில் நாங்களும் மனு எழுதியவர்கள்தான். தோட்டத்து எழுத்தரான கிராணி மேல் புகார் என்றால், அதை நிர்வாகியான துரைக்கு ஆங்கிலத்தில் படித்துச் சொல்வதே அந்தக் கிராணிதான். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மனுப் போட்டவனுக்கு ஏறி இறங்கிச் சாகும் மேட்டு நிரை கிடைக்கும். நீ போன அலுவலகத்துக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதே பல்கலைக்கழகம்தானே?

அக்கா (8:58)
அதே பல்கலைக்கழகம்தான் பெரியப்பா. ஆனால் மனு என் துறையின் கைக்குப் போவதில்லை. பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அலுவலகம் தனியாக இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே, “நாங்கள் உனக்கும் வக்கீல் இல்லை, அவருக்கும் வக்கீல் இல்லை” என்று அங்கே விசாரிக்கும் அம்மையார் சொல்லிவிட்டார். இரண்டு வழி இருக்கிறதாம். இரு தரப்பும் சம்மதித்தால் பேசி முடிப்பது ஒன்று. இன்னொன்று முறையான விசாரணை: இருவரிடமும் சாட்சிகளிடமும் தனித்தனியாகக் கேட்டு அறிக்கை எழுதுவார்கள். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும்.

அம்மா (9:00)
நீ கொடுத்தது அவருக்குத் தெரிந்துவிடுமா?

அக்கா (9:03)
தெரியும் அம்மா. பதில் சொல்ல அவருக்கும் வாய்ப்புத் தர வேண்டுமே. தேவையானவர்களுக்கு மட்டும் சொல்வார்கள், அவ்வளவுதான். அதற்காக அவர் என்னைப் பழிவாங்கினால் அது தனிக் குற்றம். முதல் புகார் நிற்காவிட்டாலும் அந்தக் குற்றம் நிற்கும்.

மாமா (9:04)
எழுத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

ஈப்போ அண்ணி (9:10)
மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தங்கச்சி, ஒன்றைக் கேள். உச்சரிப்பைப் பற்றிப் பேசினாலே சட்டமீறல் ஆகிவிடாது. வேலைக்கு உண்மையிலேயே இடையூறு என்று காட்டினால் அவர் தப்பித்துவிடுவார். போன பருவத்தில் மாணவர்கள் உன் வகுப்பைப் பற்றி எழுதிக் கொடுத்த மதிப்பீடு இருக்கிறதா? அதை முதலில் எடுத்து வை. “என்னைப் புண்படுத்தினார்” என்று பக்கம் பக்கமாக எழுதாதே. எந்தத் தேதி, என்ன சொன்னார், யார் கேட்டார்கள், அதே நிலையில் பிரெஞ்சுக்காரரை எப்படி நடத்தினார்கள் என்று எழுது. புகாரின் உயிர் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

அக்கா (9:13)
மதிப்பீடு இருக்கிறது அண்ணி. ஒருவர்கூட உச்சரிப்பைக் குறை சொல்லவில்லை. ஒருவர் மட்டும் வேகமாகப் பேசுகிறேன் என்று எழுதியிருந்தார்.

அம்மா (9:13)
அது இங்கேயும் எல்லாரும் சொல்வதுதான்.

தம்பி (9:17)
எங்கள் கல்லூரியில் இப்படி ஓர் அலுவலகம் இருப்பதாகவே யாரும் சொன்னதில்லை. இங்கே சட்டம் கிடையாதா அண்ணி?

ஈப்போ அண்ணி (9:24)
அரசியலமைப்பில் இருக்கிறது. 8ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறது, 2001இல் அதில் பாலினத்தையும் சேர்த்தார்கள். 12ஆவது பிரிவு அரசு நடத்தும் கல்வி நிலையங்களில் இனம், மதம் பார்க்கக் கூடாது என்கிறது. மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் சிறப்பு நிலை தரும் 153ஆவது பிரிவு தனிக் கதை, அதை இப்போது தொட வேண்டாம், மாமா விடியும்வரை விடமாட்டார். உன்னுடையது தனியார் கல்லூரி. 2005இல் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில், இந்தப் பாதுகாப்பு தனியார் நிறுவனத்துக்கு எதிராகச் செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் மத்திய அரசின் பணம் வாங்கும் பல்கலைக்கழகம் என்றால், தனியாராக இருந்தாலும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். இனம், நிறம், பூர்வீக நாடு மூன்றும் அதில் வரும்.

பெரியப்பா (9:29)
எல்லாம் சரி மருமகளே. கிராணி சரியில்லை என்றால் நாங்கள் சங்கத்துக்குப் போவோம். பாப்பா எங்கே போவாள்?

ஈப்போ அண்ணி (9:34)
வாஷிங்டனில் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் இருக்கிறது, பெரியவரே. 180 நாளுக்குள் அங்கே போட வேண்டும். உள் விசாரணை முடிந்த பிறகு போவதானால் 60 நாள். ஆனால் 2025 மார்ச்சில் அதன் 12 வட்டார அலுவலகங்களில் 7ஐ மூடுவதாக அறிவித்தார்கள், அதனால் விரைவை எதிர்பார்க்க முடியாது. வகுப்பு எடுப்பதற்கு அவள் சம்பளம் வாங்குவதால் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையமும் உண்டு.

பெரியப்பா (9:36)
அப்படியானால் உள்ளே இருப்பவர்கள் இழுத்தடித்தால் நாள் போய்விடும். பாப்பா, அந்த மின்னஞ்சல் என்றைக்கு வந்தது?

அக்கா (9:37)
பிப்ரவரி 9.

ஈப்போ அண்ணி (9:39)
180ஆவது நாள் ஆகஸ்ட் 8. அதுவரை காத்திருக்காதே. ஜூன் முடிவதற்குள் இவர்கள் அறிக்கை தராவிட்டால் வெளியிலும் போட்டுவிடு. இன்றிரவே அந்த மின்னஞ்சலை உன் சொந்த முகவரிக்கு அனுப்பிவை, பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் வைத்திருக்காதே.

அக்கா (9:41)
அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் ஒரு நகல் வந்திருக்கும், பாருங்கள்.