பூஞ்சை பிடித்த இசைத்தட்டுகளை வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. குன்னூரில் காலி செய்யப்படும் ஒரு பழைய பங்களாவில் எழுபது இசைத்தட்டுகள் மொத்தமாக விலைக்கு வந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே ரெக்கார்டு பிளேயர் இல்லை. கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தாக வேண்டும்.

பெரும்பாலானவை நிமிடத்துக்கு 33 சுற்று சுழலும் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டுகள். மலை ஈரம் ஏறி உறைகளின் ஓரம் பிரிந்திருக்கிறது, தட்டுகளில் வெண்புள்ளிகளாகப் பூஞ்சை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நகத்தில் தட்டுப்படும் கீறல் இரண்டு மூன்றில்தான் இருக்கிறது, அவற்றை ஒதுக்கிவிடுவேன். என் கவலை வேறு. சில தட்டுகளில் கீறலே இல்லை, ஆனால் கருமை மங்கிச் சாம்பல் பூத்திருக்கிறது. நடுத்துளையைச் சுற்றி நூல் நூலாகக் கோடுகள். நிறைய முறை போட்டுக் கேட்டதன் அடையாளம் அது. பிளேயரின் தேய்ந்த ஊசி, ஒலி பதிந்த பள்ளத்தை அரைத்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் இரைச்சல் போகாது. சாம்பல் நிறம் தேய்மானமா, வெறும் பூஞ்சைப் படிவா என்பதை அங்கேயே எப்படிப் பிரித்தறிவது? போன ஆண்டு பளபளவென்று இருந்த ஒரு தட்டை நம்பி வாங்கினேன்; உச்சஸ்தாயி வரும்போதெல்லாம் குரல் கரகரத்தது. இன்றும் மனம் ஆறவில்லை.

ஐந்தாறு 78 சுற்றுத் தட்டுகளும் உண்டு. அவை அரக்கில் செய்தவை, ஆல்கஹால் பட்டால் கரையும் என்பதை அறிவேன். பிறகு எதைக் கொண்டு பூஞ்சையைத் துடைப்பது?

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் தூக்கிச் செல்லும் பிளேயர் வைத்திருப்பவர் யாராவது சனிக்கிழமை என்னுடன் வர முடியுமா?