ஒரே சீலுக்கு இரண்டு தடவை கியர்பொக்ஸ் இறக்கிய கதை

எங்கள் லொறி ஒரு பழைய மிட்சுபிஷி கன்டர், அப்பா வாங்கியது. பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி கொண்டுவருவதுதான் அதன் வேலை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புது லொறி என்ற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

முதலில் நிலத்தில் சொட்டு. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே, காலையில் பார்த்தால் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கறுப்பு. ஒயில் சொட்டாத பழைய டீசல் லொறி எங்கே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, லொறி ஏறவில்லை. கூடவே கருகல் மணம். கிளட்ச் பிளேட்டில் ஒயில் ஏறி, கிளட்ச் நழுவுகிறது.

கொழும்பு வந்து சேர்ந்ததும் பக்கத்துக் கராஜ் ஒன்றில் விட்டேன். மெக்கானிக் பாஸ் குனிந்து ஒரு பார்வை பார்த்தார், "பின் சீல் போயிட்டு" என்றார், அன்றே கியர்பொக்ஸை இறக்கினார். சீல் என்பது ஒயில் கசியாமல் தடுக்கும் வளையம், பெரிய விலை இல்லை. ஆனால் அது இருப்பது எஞ்சினின் முக்கிய சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் வால் பக்கம், பிளைவீலின் மறைவில். அதைத் தொட புரொப்பலர் ஷாஃப்ட், கியர்பொக்ஸ், கிளட்ச், பிளைவீல் எல்லாம் கழற வேண்டும். கூலிதான் ஆளைக் கொல்லும். அதோடு, ஒயில் ஊறிய கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி அதையே திரும்பப் போட்டார்கள். நானும் காசு மிச்சம் என்று தலையாட்டினேன்.

இரண்டு வாரம்தான். மறுபடியும் அதே இடத்தில் சொட்டு, மறுபடியும் கிளட்ச் நழுவல்.

பிறகு ஒருகொடவத்தையில் வயதான ஒரு பாஸிடம் போனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. எஞ்சினின் பின்பக்கத்தைத் துடைத்து, கொஞ்சம் ஓட்டிவரச் சொன்னார். எஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரில் கசிந்தாலும் பின்னால் வழிந்து கீழேதான் சொட்டுமாம். அங்கே காய்ந்திருந்தது. சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தார். கியர் ஒயில் என்றால் கந்தகம் மாதிரி நாறும். இது எஞ்சின் ஒயில். கடைசியாக, எஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய்க்குள் களி அடைத்துக் கிடந்தது.

"மூச்சு விட வழியில்லாட்டி சீலைத்தானே தள்ளும் தம்பி" என்றார். முதல் கராஜில் யாரும் இதைப் பார்த்திருக்கவில்லை.

கியர்பொக்ஸ் மறுபடி இறங்கியது. சீலின் உதடு உரசும் இடத்தில் கிராங்க் ஷாஃப்ட்டில் ஒரு கோடு, நகத்தை வைத்தால் மாட்டும். முதல் கராஜ் போட்ட சீல் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்திருந்தது. பாஸ் புதுச் சீலை இரண்டு மில்லிமீற்றர் வெளியே நிற்கும்படி இறக்கினார். உதடு தேயாத இடத்தில் பட்டது. பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தால் மேலே ஸ்லீவ் என்ற மெல்லிய உறை ஏற்ற வேண்டியிருந்திருக்கும்.

சீல் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு நான்தான் போனேன். கடை நானா லொறியின் பெயரைக் காதிலேயே வாங்கவில்லை. "எஞ்சின் நம்பர் சொல்லுங்க, பழைய சீலைக் காட்டுங்க" என்றார். கையில் கொண்டுபோயிருந்தது நல்லதாகப் போயிற்று. அது ரப்பர் சீல், அதனால் பாஸ் உதட்டில் ஒயில் தடவி, தட்டையான பலகையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினார். டெஃப்லோன் சீல் என்றால் ஒயில் தடவாமல் காயவே போட வேண்டுமாம். இந்த முறை கிளட்ச் பிளேட்டும் புதிது, கேட்காமலே வாங்கிவந்தேன்.

ஏழு மாதம் ஆகிறது, இரண்டு தடவை கடுகண்ணாவை ஏறிவிட்டேன். இரவில் லொறிக்குக் கீழே அட்டை விரிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. போன வாரம் அதில் ஒரு சொட்டு. பதறிப்போய் முகர்ந்தேன். ஏற்றிவந்த தக்காளி.