அப்பாவுக்கு சார்காய்டோசிஸ், விஐபி பெப்டைட் ஸ்ப்ரே வாங்கலாமா?

மஞ்சக்குப்பம்_மகன்:
வணக்கம். அப்பாவுக்கு நுரையீரல்ல சார்காய்டோசிஸ், அதாவது உள்ள சின்னச் சின்ன வீக்க முடிச்சுகள் வர்ற நோய், முதல்ல டிபின்னு மாத்திரை குடுத்து அப்புறம் பயாப்சில தான் தெரிஞ்சுது. ஸ்டீராய்டு போய்ட்டு இருக்கு, சுகர் ஏறிடுச்சு, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் படி ஏறுனாலே மூச்சு வாங்குது, பாக்கவே முடியல. நெட்ல ஒருத்தங்க விஐபின்னு ஒரு பெப்டைட் (சின்ன புரதத் துண்டு) ஸ்ப்ரே, மூக்குல அடிச்சா உள்வீக்கம் கொறையும், பார்சல்ல அனுப்புறோம்ங்குறாங்க. ஸ்டீராய்ட விட்டுட்டு இதுக்கு மாறலாமா?

கோரிமேடு_நர்ஸ்:
தம்பி, ஸ்டீராய்ட நீங்களா நிறுத்திடாதீங்க. நாள்பட சாப்ட்டவங்களுக்கு உடம்பு தானா சுரக்குற கார்டிசால்ங்குற ஹார்மோன் அடங்கிப் போயிருக்கும், திடீர்னு விட்டா பிபி இறங்கி உயிருக்கே ஆபத்து.

பயோகெமிஸ்ட்ரி_பாண்டி:
அக்கா சொல்றது தான் முக்கியம். விஐபி (வாசோஆக்டிவ் இன்டெஸ்டினல் பெப்டைட்) நம்ம நரம்பு, குடல், நுரையீரல்லயே இருக்குற பொருள், 28 அமினோ அமிலம், 1970-ல சமி சயீதும் விக்டர் முட்டும் பன்றிக் குடல்ல இருந்து பிரிச்சாங்க. மூச்சுக்குழாய விரிக்கும், டிஎன்எஃப் ஆல்ஃபா மாதிரி வீக்கத்த கிளப்புற சமாச்சாரங்கள அடக்கும், அதனால தான் இவ்ளோ எதிர்பார்ப்பு. உங்க அப்பா நோய்க்கே ஜெர்மனில 20 பேருக்கு நாலு வாரம் நெபுலைசர்ல குடுத்து 2010-ல வெளியிட்டாங்க, நுரையீரல கழுவி எடுத்த செல்கள்ல டிஎன்எஃப் கொறஞ்சுது, ஆனா ஒப்பிட்டுப் பாக்க டம்மி மருந்து குரூப் இல்ல, அத வச்சு நோய் குணமாகும்னு சொல்லவே முடியாது. கொரோனா சமயத்துல இதே பொருள அவிப்டாடில்ங்குற பேர்ல நரம்புல ஏத்திப் பாத்தாங்க, அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2021-ல அவசர அனுமதி குடுக்கல, அமெரிக்க அரசு நடத்துன டெசிகோ ஆய்வும் பலன் இல்லன்னு 2022-ல நின்னுடுச்சு. ரத்தத்துல ஓரிரு நிமிஷத்துல சிதஞ்சிடுற பொருள் இது, பார்சல் பாட்டில்ல என்ன மிச்சம் இருக்கும்னு யார் சொல்றது? பிபி இறங்கும், வயித்தால போகும், அது வேற.

மஞ்சக்குப்பம்_மகன்:
அப்பா பிபி மாத்திரையும் சாப்பிடுறாரு. வாங்கல. வேற வழி இருக்கா?

கோரிமேடு_நர்ஸ்:
பயாப்சி ரிப்போர்ட், சிடி எல்லாம் எடுத்துட்டு ஜிப்மர் நுரையீரல் ஓபிக்கு வாங்க, ஸ்டீராய்ட கொறைக்க மெத்தோட்ரெக்சேட்ங்குற எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்த சேக்கலாமான்னு கேளுங்க. மருந்து ஆய்வுல சேரணும்னா, இந்தியாவுல நடக்குற ஆய்வுகள பதிவு பண்ற சிடிஆர்ஐ தளத்துல நோய் பேர் போட்டுத் தேடுங்க, பதிவு பண்ண ஆய்வுன்னா எத்திக்ஸ் கமிட்டி இருக்கும், ஒப்புதல் படிவத்த தமிழ்ல குடுப்பாங்க, பாதிப்பு வந்தா நஷ்டஈடுக்கு 2019 மருந்து ஆய்வு விதிகள்லயே வழி இருக்கு. அப்புறம், எலும்புக்கு நல்லதுன்னு யாராவது கால்சியம், விட்டமின் டி வாங்கிக் குடுத்தா டாக்டர கேக்காம போட வேணாம், இந்த நோய்ல ரத்தத்துல கால்சியம் தானாவே ஏறும்.