புதுப்பிப்பு: பீட்டில் எஞ்சினில் பறக்கும் பந்தய விமானம்

போன மாதம் குறைந்த செலவு விமானப் பந்தயம் பற்றி எழுதியதில் ஒரு பிழை. 'ஃபார்முலா ஒன்' என்ற பந்தயப் பிரிவின் விமானங்களிலும் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் என்று சொல்லிவிட்டேன். அவற்றில் இருப்பது 100 குதிரைவலு கொண்ட கான்டினென்டல் ஓ-200. ஃபோக்ஸ்வாகனின் 1600 சிசி எஞ்சின் 'ஃபார்முலா வீ' பிரிவுக்குரியது. திருத்திய வவுனியா அண்ணருக்கு நன்றி.

"கார் எஞ்சின் விமானத்தைத் தூக்குமா?" என்று கேட்ட தம்பிக்காக, கிளிநொச்சியில் ஒரு கராஜில் கழற்றி வைத்திருந்த பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் எஞ்சினைப் போய்ப் பார்த்தேன். ரேடியேட்டர் கிடையாது; காற்றே குளிர்விக்கிறது. அந்த எடை மிச்சம் பெரிய வரம். கியர் வைக்காமல் சுழல்தண்டிலேயே புரொப்பெல்லரைப் பூட்டிவிடலாம். சுழற்சி வேகம் அதிகம் என்பதால், நுனி ஒலியின் வேகத்தை எட்டாதபடி புரொப்பெல்லர் குட்டையாக இருக்க வேண்டும். ஜான் மொனெட் 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்த சொனெராய் என்ற பந்தய விமானம் இந்த வகைதான். சிறகை மடித்துக் காரின் பின்னே இழுத்துச் செல்லலாம்!

எனக்கு மிகவும் பிடித்தவை விதிகளே. ஃபார்முலா ஒன்னில் சிறகுப் பரப்பு 66 சதுர அடிக்கும், வெற்று எடை 500 இறாத்தலுக்கும் குறையக் கூடாது. சக்கரங்கள் உள்மடங்கக் கூடாது. காசைக் கொட்டி வெல்லும் வழியை இவை பெருமளவு அடைத்துவிடுகின்றன. மிஞ்சுவது கைத்திறன். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் நம் பிள்ளைகளிடம் அது நிறையவே இருக்கிறது.

வரும் சனிக்கிழமை அந்தக் கராஜிலேயே நான்கு உயர்தர வகுப்பு மாணவர்களுடன் பலகைத் துண்டுகளை ஒட்டிச் செதுக்கி, காட்சிக்கு ஒரு புரொப்பெல்லர் செய்யத் தொடங்குகிறோம்.