போலி என்றார், வெள்ளி விலைக்கும் கேட்டார்: வீட்டில் கிடந்த வெளிநாட்டுக் காசு அனுபவங்கள்

பினாங்குப் பேரன்:

தாத்தாவின் டப்பாவில் இருந்த சதுர சென்ட்டுகளை விடுங்கள், மலாயா போய் வந்த எல்லா வீட்டிலும் அது கிடக்கும். அடியில் இருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர்தான் விஷயம், பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சியில் ஓடிய வெள்ளிக்காசு. முன்பக்கம் மகுடம் வைத்த ஏழாம் எட்வர்ட், பின்பக்கம் சீன எழுத்தும், மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும். விற்கும் எண்ணம் இல்லை, வெள்ளிதானா என்று தெரிந்துகொள்ள ஊரில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். தராசில் 20.2 கிராம் என்று நின்றது. "டாலர்னா 27 கிராம் இருக்கணும் தம்பி, இது டூப்ளிகேட்" என்றார். சரி என்று கையை நீட்டினேன். அவர் காசைத் தரவில்லை. ராஜா முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, "வேணும்னா வெள்ளி ரேட்டுக்கு எடுத்துக்கறேன்" என்றார். டூப்ளிகேட்டுக்கு எதற்கு ஐயா வெள்ளி ரேட்? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கட்டைவிரல் மனசை விட்டுப் போகவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தராசுத்தட்டு:

எடை குறைந்தால் போலி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் மாமனார் வீட்டில் ஓர் அமெரிக்க டிரேட் டாலர் (ஆசிய வியாபாரத்துக்கென்று அடித்த வெள்ளி டாலர்), லட்சுமி படத்துக்கு முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு. "லட்ச ரூபாய் போகும் மாப்பிள்ளை" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வருஷம் பார்த்தேன், 1799. அந்தக் காசை அமெரிக்கா அடிக்கத் தொடங்கியதே 1873இல்தான். வாயால் சொன்னால் நம்புவாரா? பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துக் கிட்டே கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்குக் காபி வரவே நேரமாயிற்று. பேரன் அவர்களே, அந்த நகைக்கடைக்காரர் சொன்னது சரி.

மோல்மேன் வீடு:

தராசுத்தட்டு சொல்வது இந்தக் காசுக்குப் பொருந்தாது. ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 1903, 1904இல் 26.95 கிராம், அகலம் 37 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1906இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிப்போட்டார்கள். அந்த நேரம் பார்த்து வெள்ளி விலை ஏறியது. காசை உருக்கினால் அதன் முகமதிப்பைவிட அதிகம் கிடைக்கும் என்கிற நிலை. அதனால் 1907 முதல் காசையே சின்னதாக்கி 20.21 கிராமில் அடித்தார்கள், வெள்ளித் தரம் அதே 900, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. பிறகு 1919, 1920இல் ஐந்தாம் ஜார்ஜ் டாலர் இன்னும் இளைத்து 16.85 ஆனது, வெள்ளியும் பாதிக்குப் பாதி. ஆகவே முதலில் வருஷத்தைச் சொல்லுங்கள்.

என் கதை சின்னது. அப்பத்தா முருகன் படத்தின் கீழ் ஒரு வெள்ளிக்காசு வைத்திருந்தார், தோகை விரித்த மயில் போட்டது. பழனியில் கொடுத்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விபூதியை ஊதிவிட்டு லென்ஸில் பார்த்தால், விளிம்பைச் சுற்றி உருண்டை உருண்டையாகப் பர்மிய எழுத்து. பர்மாவை ஆண்ட மிண்டோன் மன்னரின் மயில் ரூபாய். அதில் 1214 என்று பர்மிய இலக்கத்தில் இருக்கும். அது அவர்கள் சகாப்தம், நம் கணக்கில் 1852. சொன்னதும் அப்பத்தா, "பர்மாவா இருந்தா என்ன, மயில் மயில்தானே" என்று வாங்கி மறுபடியும் முருகனிடமே வைத்துவிட்டார். விலை கேட்டு இன்றுவரை வாயைத் திறக்க முடியவில்லை.

சைகோன் பெட்டகம்:

எங்கள் ஐயா சைகோனில் கடை வைத்திருந்தவர். பெட்டகத்தில் இந்தோசீனா பியாஸ்டர் கிடந்தது, பிரெஞ்சு ஆட்சியில் அங்கே ஓடிய வெள்ளிக்காசு. அதில் ஒரு சௌகரியம், எடையும் தரமும் காசிலேயே எழுதியிருக்கும். 1895க்கு அப்புறம் வந்ததில் 27 கிராம், 900 தரம். அதற்கு முன்னால் 27.215. தராசும் காசும் ஒத்துப்போனால் பாதிக் கவலை விட்டது.

அம்மாவிடம் "அதை அப்படியே கொடுத்து அனுப்புங்க" என்று போனில் சொன்னேன். பஸ்ஸில் வந்த தம்பி கைக்குட்டையைப் பிரிக்கிறான், உள்ளே கண்ணைக் கூசுகிற மாதிரி ஒன்று. புளி போட்டு, அப்புறம் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார். உட்கார்ந்திருக்கும் சுதந்திர தேவியின் முழங்கால் வரைக்கும் மெல்லிய கீறல்கள்.

தயவுசெய்து எல்லோரும் கேளுங்கள். தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, பித்தளைக்குப் போடும் திரவம், எதுவும் வேண்டாம். வெள்ளியில் வருஷக்கணக்கில் ஏறிய கருநீலப் படிவம்தான் சேகரிப்பவர் காசு கொடுத்து வாங்குவது. அது போய்விட்டால் திரும்ப வராது. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். மலிவான பிவிசி உறையில் போட்டால் பச்சையாகப் பிசுபிசுக்கும். அட்டை ஹோல்டர் நல்லது.

எடையில் சந்தேகம் இருப்பவர்கள் தண்ணீரில் பாருங்கள். டிஜிட்டல் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்குங்கள். 20.2 கிராம் காசு என்றால் ஏறக்குறைய 1.96 கிராம் காட்ட வேண்டும். 20.2ஐ அதனால் வகுத்தால் 10.3, அது 900 தர வெள்ளியின் அடர்த்தி. பித்தளையோ நிக்கலோ கலந்தது 8, 9 என்று நிற்கும். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், செம்புப் போலியில் ஒட்டாது.

காசுமாலைக்காரி:

வெள்ளியையே பேசுகிறீர்கள். அம்மாச்சியின் காசுமாலையில் எல்லாமே பிரிட்டிஷ் சவரன். ஒன்றில் 1918, அதன் மேலே, குதிரை வீரன் படத்தின் கீழுள்ள தரைக்கோட்டில் கடுகளவு ஆங்கில ‘ஐ’ எழுத்து. பம்பாயில் அடித்தது, அங்கே சவரன் அடித்தது அந்த ஒரு வருஷம்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்புறம் உச்சியைப் பார்க்கிறேன், ஆசாரி வளையம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார், ராஜா தலைக்கு மேலேயே. பற்றுவைத்த காசுக்குத் தங்கத்தின் விலைதான். சவரனுக்குரிய 7.98 கிராமுக்கு மேல் எடை காட்டியதும் அந்தப் பற்றுப்பொடியால்தான்.

கொழும்புத் துறை:

ஒரு சின்னத் தகவல். விக்டோரியா காலத்து இலங்கைச் செப்புக்காசில் பனை மரத்தைச் சுற்றிச் சிங்களமும் தமிழும் இருக்கும். அம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்ததைப் பார்த்து என் மகன், "இதை நான் வாசிப்பேனே" என்றான். விலை பெரிதாக இல்லை.

எச்சரிக்கை மணி:

படம் போடும்போது கவனம். நான் ஒரு பழைய காசைப் படம் பிடித்துப் போட்டேன், மறுநாளே போன். "12 லட்சம் தருகிறோம், ஜிஎஸ்டியும் பதிவுக் கட்டணமும் முதலில் கட்டுங்கள்." ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதம் வேறு. ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே அறிவித்தார்கள். இன்னொன்று, வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். 100 வருஷம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவை ஒரு முறை பாருங்கள். அசல் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி சீக்கிரம் தெரியும்.

பினாங்குப் பேரன்:

மோல்மேன் வீட்டுக்கு நன்றி. வருஷம் 1908. அகலம் 34.5 மில்லிமீட்டர். டம்ளரில் 1.95 காட்டியது. கடைக்காரருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது மட்டும் புரியவில்லை.

தராசுத்தட்டு:

1.95 வந்தாலும் விளிம்புக் கோடு தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். 1908 என்றால் எடை சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். 1799ஐ ஒத்துக்கொள்ள மாட்டேன்.