17 வயது மிட்ஃபீல்டர்: வெளிநாட்டு அகாடமிக்குப் பணம் கட்டலாமா?

தேங்காப்பட்டணத்து மாமன்:

வணக்கம் மக்களே. அக்கா மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான், உயிர் எல்லாம் கால்பந்தில்தான். ஊர் கிளப்பில் சென்ட்ரல் மிட்ஃபீல்டர், எட்டாம் நம்பர் சட்டை. பூவார், பாறசாலைப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) ஆடக் கூப்பிடுகிறார்கள், போய் ஆடிவிட்டு வந்து கிடைத்த காசை அம்மா கையில் கொடுக்கிறான். இப்போது ஒரு ஏஜென்சிக்காரர் வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொண்டார். ஐரோப்பாவில் ஒரு அகாடமி, ஒரு வருடம் தங்கிப் பயிற்சி, அப்புறம் அங்கேயே கான்ட்ராக்ட் என்கிறார், லட்சக்கணக்கில் கேட்கிறார். அத்தான் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார், கரைக்கு வந்ததும் வள்ளத்தில் இருக்கிற பங்கை விற்றாவது கட்டிவிடுவார், அதுதான் எனக்குப் பயம். இங்கேயே கிடந்தால் ஒன்றும் ஆகாது என்று பையன் சொல்வதும் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஆறாம் நம்பர்:

அண்ணே, ஒரு பைசா கட்டாதீர்கள். 18 வயது ஆகாத ஆட்டக்காரரை வேறு நாட்டு கிளப் பதிவு செய்யக்கூடாது, உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் டிரான்ஸ்ஃபர் (கிளப் மாறும்) விதிகளில் 19ஆம் பிரிவு இது. விதிவிலக்குகள் உண்டு: பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிபோனால், அல்லது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் கிளப் மாறினால், அல்லது எல்லையை ஒட்டிக் குடியிருந்தால். தேங்காப்பட்டணத்துப் பையனுக்கு இதில் எது பொருந்தும்? அங்கே போனாலும் 18 ஆகும் வரை கட்டணம் கட்டிப் படிக்கிற மாணவன்தான், லீக் ஆட்டத்தில் இறங்க முடியாது. கான்ட்ராக்ட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பிஃபா ஏஜென்ட் உரிமம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், வாட்ஸ்அப் தானாக அமைதியாகிவிடும்.

இப்போது செய்யவேண்டியது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமான ஏ.ஐ.எஃப்.எஃப்.பின் சி.ஆர்.எஸ். பதிவு, அதாவது ஆட்டக்காரர்களின் மையப் பதிவேடு. ஊர் கிளப் வழியாகவோ மாவட்டச் சங்கம் வழியாகவோ முறையாகச் செய்யுங்கள். எந்த வயதில் எந்த கிளப்பில் ஆடினான் என்ற கணக்கு பிற்காலத்தில் அவன் கூடவே வரும். நாளைக்கு ஒரு கிளப் அவனைக் காசு கொடுத்து எடுத்தால், அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை 12 வயதிலிருந்து வளர்த்த கிளப்புகளுக்குப் போகவேண்டும் என்று விதி இருக்கிறது. இதை உங்கள் கிளப் செயலாளர் காதில் போடுங்கள், பதிவு வேலை மறுநாளே நடக்கும். அப்புறம் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். நம்ம கடற்கரையில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று என்று இருக்கும், கடைசி நேரத்தில் அதிலேதான் சிக்கும்.

நாகர்கோவில் டு லண்டன்:

பணம் கட்டக்கூடாது, சரி. அதற்காக வெளிநாடு என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டாதீர்கள், போகிற வயதும் நிலையும்தான் விஷயம். குரோஷிய மிட்ஃபீல்டர் மோட்ரிச்சைப் பாருங்கள். 18 வயதில் டினமோ ஸாக்ரெப் அவரைத் தன் அணியில் வைத்துக்கொள்ளாமல் போஸ்னியாவில் ஸ்ரின்ஸ்கி மோஸ்தார் கிளப்புக்கு லோனில் (கொஞ்ச காலத்துக்கு இரவலாக) அனுப்பியது. அடுத்து குரோஷியாவிலேயே இன்டர் ஸாப்ரெஷிச் என்ற சின்ன கிளப்புக்கு இன்னொரு லோன். அதற்குப் பிறகுதான் டினமோவில் இடம் நிலையானது. இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் வாங்கியது 2008ல், அப்போது அவருக்கு 22 வயது. 2012ல் ரியல் மாட்ரிட், 2018ல் பாலன் டி'ஓர் (உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது), 2025ல் ஏசி மிலான். உள்ளூரிலும் பக்கத்து நாட்டிலும் வாரா வாரம் ஆடித் தேறிய பிறகுதான் பெரிய லீக்.

நம்மவர்கள் கதையில் விசாவும் பெஞ்சும்தான் அதிகம். 2009ல் இந்திய ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியை லண்டன் கிளப் கியூ.பி.ஆர். எடுக்கத் தயாராக இருந்தும் இங்கிலாந்தில் வேலை அனுமதி கிடைக்கவில்லை, பிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லாததுதான் காரணம். 2012ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் 'பி' அணிக்குப் போனார், அங்கேயும் ஆடக் கிடைத்தது கொஞ்சம்தான். சேத்ரிக்கே இந்த நிலை.

சின்னத்துறை விங்:

மோட்ரிச் எல்லாம் எதுக்கு அண்ணே, நம்ம குமரி மாவட்டத்துக்காரர் மைக்கேல் சூசைராஜ் இருக்கிறாரே. ஐ-லீக் என்ற தேசிய லீகில் சென்னை சிட்டிக்கு ஆடிக் கண்ணில் பட்டு, 2018ல் ஜாம்ஷெட்பூர், 2019ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே., அதே வருடம் தாய்லாந்து கிங்ஸ் கோப்பையில் இந்தியச் சட்டை. 2020 மார்ச்சில் ஏ.டி.கே. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கியது, எதிரில் தோற்றது நம்ம சென்னையின் எஃப்.சி. அணி! அடுத்த சீசன் முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக, ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முழங்கால் காயத்தோடு வெளியே வந்தார், அந்த சீசன் அதோடு போய்விட்டது. இதையும் அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்கணும். சூசைராஜ் மிட்ஃபீல்டர்தான், ஆனால் ஏ.டி.கே.யில் இடது ஓரத்தில் விங்-பேக்காக (ஓரத்தில் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் ஓடுகிறவராக) ஓடினார். ஐ.எஸ்.எல். கிளப்புகள் வெளிநாட்டு ஆட்டக்காரரை வாங்குவதே பெரும்பாலும் நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும்தான், நம்ம பையன்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். அதனால் எட்டாம் நம்பர் மட்டும்தான் ஆடுவேன் என்று அடம் பிடிக்க வேண்டாம், ஓரத் தடுப்பாட்டமான ஃபுல்-பேக்கும் பழகட்டும்.

செவன்ஸைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். காசு வரும், பெயர் வரும், ஆனால் சின்ன மைதானத்தில் நடுக்கள ஆட்டமே கிடையாது, பந்து வந்தால் திரும்பி அடி, அவ்வளவுதான். மணலில் ஆடி வளர்ந்த நம்ம பையன்களிடம் ஒரு பழக்கம் உண்டு: மணலில் பந்து உருளாது என்பதால் எல்லாப் பாஸையும் கொஞ்சம் தூக்கியே கொடுப்பார்கள். புல்தரையில் அதே பாஸ் கூட்டாளியின் முட்டிக்கு வரும், அவன் அதை அடக்குவதற்குள் எதிராளி வந்துவிடுவான். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறானா என்று நீங்களே ஒரு ஆட்டம் நின்று பாருங்கள். பெரிய கோச்சுகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பழைய ஆறாம் நம்பர்:

தம்பி சொன்னது சரி. வேலையையும் மறக்காதீர்கள் அண்ணே. ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை என்று சென்னை லீகில் ஆடிய துறை அணிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் உண்டு. 2025ல் ஐ.எஸ்.எல். குறித்த நேரத்தில் தொடங்கவே இல்லை, சம்பளத்தை நிறுத்திய கிளப்புகளும் இருந்தன. கையில் ஒரு டிகிரி இருக்கட்டும், தூத்தூர் கல்லூரி பக்கத்தில்தானே.

தேங்காப்பட்டணத்து மாமன்:

எல்லாருக்கும் நன்றி. அத்தான் வந்ததும் இதை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். திருவனந்தபுரம் கொம்பன்ஸ் மாதிரி சூப்பர் லீக் கேரளா அணிகளுக்கு வீடியோ அனுப்பலாமா? கொல்கத்தா கிளப்புகள் என்றால் தூரம், அக்கா விடமாட்டாள்.

சின்னத்துறை விங்:

தாராளமாக அனுப்புங்கள், திருவனந்தபுரம் என்றால் காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் பாட்டுப் போட்டு, கோலை மட்டும் வெட்டி ஒட்டின வீடியோ வேண்டாம், மிட்ஃபீல்டருக்கு அது ஒன்றுக்கும் உதவாது. பதினொரு பேர் ஆட்டம் ஒன்றை, மாடியிலிருந்தோ பள்ளிக்கூட வராந்தா மேலிருந்தோ, பந்து அவனிடம் இல்லாதபோதும் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிகிற மாதிரி 90 நிமிடமும் எடுங்கள். சட்டை நம்பர், பிறந்த தேதி, எந்தக் கால் பழக்கம், சி.ஆர்.எஸ். எண் எல்லாம் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.